செட்டிநாட்டுப் பொட்டலில் ஒரு நாள்: தார்ச்சாலையை விட்டு இறங்கினால் என்ன பார்க்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்குச் சவூதியில் வேலை. வெள்ளிக்கிழமையானால் நண்பர்களோடு பாலைவனத்துக்குள் வண்டியை விட்டு, இடிந்த கோட்டை, பழைய கிணறு, யாத்திரைப் பாதை என்று தேடிப்போய்ப் பழகியவர். மாசி மாதம் லீவில் காரைக்குடி வருகிறார். மாமனார் வீட்டில் ஒரு ஃபோர்வீல் டிரைவ் ஜீப் நிற்கிறது. 'அரண்மனை வீடுகளும் ஆத்தங்குடி டைல்ஸும் பார்த்தாயிற்று. நம்ம பக்கமும் காய்ந்த பூமிதானே? தார்ச்சாலையைத் தொடாமல் ஒரே நாளில் பழைய இடங்களைப் பார்க்க வழி உண்டா? பிள்ளைகள் இருவர், பதினொன்று வயது, ஏழு வயது. கூட்டிப்போகலாமா?'

நானும் சவூதியின் ஹாயிலில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன்தான். ஊர் திரும்பியதும் இதே கேள்வியோடு கிளம்பி, ஒரு ஜீப்பை வாங்கி, இரண்டு முறை கண்மாய் என்கிற பாசனக் குளத்துக்குள் புதைந்து, அப்புறம்தான் கொஞ்சம் புத்தி வந்தது. அதனால் பதில் நீளும்.

முடியும். ஆனால் தார்ச்சாலையையே தொடாமல் முடியாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நூற்றிப் பத்து, நூற்றி இருபது கிலோமீட்டர் வரும். அதில் மண்பாதை முப்பது கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். அங்கே திசைகாட்டியை வைத்துக்கொண்டு நேராக ஓட்டியது போல இங்கே ஓட்ட முடியாது. இங்கே காலியாகக் கிடக்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார், இல்லாவிட்டால் ஒரு சாமி இருக்கும்.

அடுத்து, இது பாலைவனம் இல்லை. ஹாயிலில் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் சுற்றி மழை. இங்கே சுமார் 900. அப்புறம் ஏன் வானம் பார்த்த பூமி என்கிறோம்? அந்த மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து அடைமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். கீழே செம்பறாங்கல், மேலே சரளை. விழுந்த தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடிவிடும். பிடித்து வைத்தவனுக்குச் சோறு, விட்டவனுக்கு வேலிக்கருவை. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் எங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்பதும் புரிந்துவிடும். பழைய இடம் தேடுகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறார்கள். நான் சொல்வது, தண்ணீர் எங்கே நின்றது என்று பார்த்துத் திருப்புங்கள். குடிநீருக்கான ஊருணி, கண்மாய், பாறைச் சுனை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் இங்கே எல்லாப் பழமையும் கிடக்கிறது.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஹாயிலுக்குத் தென்கிழக்கே ஃபைத் போயிருப்பீர்கள். இராக்கின் கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் போன சுபைதா பாதையில் ஏறக்குறைய நட்டநடுவில் இருந்த ஊர் அது. அப்பாசிய கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதா அந்த வழி நெடுகத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ததால் பாதைக்கு அவர் பெயர். இன்றைக்கு அந்தப் பாதையில் மிச்சம் என்ன? பாதையின் பெரும்பகுதியை மண் மூடிவிட்டது. எடுப்பாக நிற்பவை பிர்கா என்கிற கல் குளங்கள்தான். சிலவற்றில் பெரிய குளத்தை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி இருக்கும், கவனித்தீர்களா? வெள்ளம் முதலில் அதில் விழுந்து, வண்டலை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்த தண்ணீர் பெரிய குளத்துக்குப் போகும். இந்தச் சின்னத் தொட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கு வரும்போது இதே தலைவலிக்கு நம்ம ஆள் வேறு வைத்தியம் செய்திருப்பதைக் காட்டுகிறேன்.

வண்டி விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஃபோர்வீல் டிரைவ் கட்டாயம் இல்லை. தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் நல்ல இடைவெளி இருந்தால் போதும். மணலில் செய்வதுபோல டயர் காற்றைப் பதினாறு பிஎஸ்ஐக்கு இறக்காதீர்கள். சரளையில் இருபத்தைந்து சரியாக இருக்கும். அதற்கும் கீழே போனால் செம்பறாங்கல் விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். மற்றபடி இங்கே எதிரி வேலிக்கருவை முள். வெட்டிப்போட்ட விறகுக்கட்டு கிடந்த இடத்தில் ஓட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு சக்கரம் போகும். பஞ்சர் குச்சி, காற்றடிக்கும் பம்ப், முடிந்தால் இரண்டு ஸ்டெப்னி. கூகுள் மேப்பை நம்பித் தைலமரக் காட்டுக்குள் நுழையாதீர்கள். அவற்றில் பல வனத்தோட்டக் கழகத்தின் நிலம், கேட் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் உள்ளே எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நுழைந்த இடத்துக்கே வந்து சேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

மாசி நல்ல மாதம். பாதை காய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கண்மாயில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் கிடக்கும். இதே கார்த்திகையில் கேட்டிருந்தால் வீட்டிலேயே இருங்கள் என்றிருப்பேன். போகிற ஊரில் மஞ்சுவிரட்டு இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி நகராது.

காலை ஐந்தரைக்குக் காரைக்குடியை விட்டுக் கிளம்புங்கள். திருமயம் சாலையில் செட்டிநாடு, கானாடுகாத்தான் வரை தார்தான். கானாடுகாத்தானில் வீடுகளுக்காக நிற்க வேண்டாம், ஊருணிக்காக ஐந்து நிமிடம் நில்லுங்கள். படித்துறையும் கல்சுவருமாக எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். நகரத்தார் ஊர்களில் வீட்டுக்கூரையில் விழும் மழை வளவு என்கிற முற்றத்துக்குள் இறங்கி, வாய்க்காலில் ஓடி, கடைசியில் ஊருணிக்குத்தான் போகவேண்டும் என்று தெருக்களின் வாட்டத்தையே (சரிவையே) அதற்கேற்ப அமைத்தார்கள். இந்த ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. எல்லோரும் பர்மா தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படம் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் பிடிக்கவேண்டியது அந்த வாட்டத்தைத்தான். அதைப் படம் பிடிக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. கால்நடைப் பண்ணைப் பக்கம். பொட்டலுக்கு நடுவே நேர்கோடாக ஓர் ஓடுபாதை கிடப்பதைப் பார்க்க உங்களைப் போன்றவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அரசு நிலம். பண்ணையில் கேட்டு, சரி என்றால் போங்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது.

அடுத்தது ஏதாவது ஒரு கண்மாய். நான் பெயர் சொல்லப்போவதில்லை. திருமயத்துக்கும் நச்சாந்துபட்டிக்கும் இடையில் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் நான் சொல்வது கிடைக்கும். ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். வெயில் சாய்வாக விழவேண்டும்.

வண்டியைக் கரைக்குக் கீழே, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலிங்குப் பக்கம் கெட்டித் தரையில் நிறுத்துங்கள். கரை மேல் ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் அந்தக் கரை உடைந்தால் ஊரே ராத்திரி முழுக்க மண்மூட்டையோடு நிற்கும். அதில் டயர் தடம் போட்டு வைத்தவனை யாரும் வாழ்த்த மாட்டார்கள்.

கரையில் நின்று உள்வாயை, அதாவது கண்மாயின் உட்பக்கத்தைப் பாருங்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தண்ணீருக்குள்ளோ காய்ந்த சேற்றிலோ, இரண்டு கல்தூண்கள் சோடியாக நிற்கும். வாசக்கால் மாதிரி இருக்கும், ஆனால் கதவும் இல்லை, வீடும் இல்லை. அதுதான் குமிழித்தூம்பு. புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கல்வெட்டோடு இப்படிப் பல நிற்கின்றன. நடந்து போகமுடிகிற அளவுக்குக் காய்ந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போங்கள்.

அருகில் போனால் இரண்டு தூணையும் இணைத்து மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் குறுக்குக் கல் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உருண்டைத் துளை. அந்தத் துளைகளின் வழியே ஒரு கழி செங்குத்தாக இறங்கும். கழியின் அடியில் குழவி போல ஓர் அடைப்பு. அதற்கும் கீழே, கண்மாயின் தரையில், கல்லில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல்மூடியில் ஒரு பெரிய துளை, அதற்கு நீரோடி என்று பெயர். பெட்டியின் பக்கவாட்டில், தரையோடு தரையாகச் சின்னத் துளைகள். அவை சேறோடி. பெட்டியிலிருந்து கரைக்கு அடியிலேயே ஒரு சுருங்கை வயலுக்குப் போகிறது. மடை திறக்கிற ஆள் நீந்திப்போய், முங்கி, அடைப்பைத் தூக்கினால் மேல்துளை வழியே தண்ணீர் சுழித்து இறங்கும். அந்த வேகமே பக்கத்துத் துளைகள் வழியாகத் தரையில் படிந்த சேற்றையும் உறிஞ்சி வயலுக்கு இழுத்துப்போகும். அதாவது தண்ணீரும் பாயும், வயலுக்கு வண்டலும் கிடைக்கும், கண்மாயும் கொஞ்சம் தூர்வாரப்படும்.

சுபைதா பாதையின் சின்னத் தொட்டியை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே சேற்றை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார்கள். குடிக்கிற தண்ணீர் அது, அதனால் சேறு ஆகாது. இங்கே சேற்றை உள்ளே விட்டு, அப்புறம் வயலுக்கு அனுப்பினார்கள். விவசாயத் தண்ணீர், அதனால் சேறு உரம். குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி தனியாக இருந்தது. இதை ஒரு பொறியாளர் படம் போட்டு எனக்கு விளக்கவில்லை. ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். "எங்க தாத்தா முங்கித் தொறந்த மடைப்பா இது. மூச்சு பிடிக்கத் தெரியாதவன் இதுல கைய வைக்கக் கூடாது" என்றார்.

தூணில் கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான், இந்தக் குமிழியைச் செய்து வைத்தவர் இன்னார் என்று. நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். காலை வெயிலே போதும் சில நாள். சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ் எதையும் தடவிவிடாதீர்கள், தண்ணீரை ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இங்கேதான் என் அவமானக் கதையும் வருகிறது. ஊருக்கு வந்த புதிதில், இதேபோல ஒரு கண்மாய். உள்வாய் முழுக்க வெடிப்பு விட்டுக் காய்ந்து, தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் கேட்டது. மணலில் பதினொரு வருடம் ஓட்டியவன் என்ற திமிர். டயர் காற்றை இறக்கினேன், வேகம் குறையாமல் உள்ளே விட்டேன். மணலில் வேகம்தான் காப்பாற்றும். இங்கே மேல் ஓடு அரை அடிதான். அதற்குக் கீழே களிமண் இன்னும் பச்சையாக இருந்தது. நாற்பதடி போயிருப்பேன். முன் சக்கரம் இரண்டும் 'பொளக்' என்று இறங்கி, அச்சு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்துச் சங்கிலியோடு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் எதுவும் சொல்லவில்லை. இழுத்து வெளியே போட்டுவிட்டு, காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். கிளம்பும்போதுதான் "கம்மாய்க்குள்ள காரை விட்டா அது கம்மாயோடதுதாண்ணே. அடுத்த தடவ மீன்பிடிக்கு வாங்க, நடந்து வாங்க" என்றார்.

உண்மையிலேயே போனேன். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிக்கிற மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரை நெடுக நின்ற கூட்டம் ஊத்தாக் கூடையும் வலையுமாக உள்ளே பாய்ந்தது. எனக்கு ஒரு விரால் கிடைத்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திருமயம் கோட்டை ஒன்பது மணிக்கு மேல். அதற்குள் சாலையோரத்துக் கோட்டை பைரவரைக் கும்பிட்டுவிடுங்கள். அந்த வழியே போகிற லாரி, பஸ், கார் எல்லாம் ஒரு நிமிடமாவது நின்றுவிட்டுப் போகும் இடம், உங்கள் ஜீப்புக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? கோட்டையை 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டினார் என்பது வழக்கமான வரலாறு. ஊமையன் கோட்டை என்றும் ஊரில் சொல்வார்கள். ஏழு சுற்று மதிலில் நாலுதான் மிச்சம். மேலே பீரங்கி இருக்கிறது, எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் பாறைச் சரிவில் பாதி உயரத்தில் வெட்டிய சின்ன லிங்கக் குடைவரையை விட்டுவிடாதீர்கள். இரும்பு ஏணியில் ஏறவேண்டும். பக்கத்திலேயே சுனையும் உண்டு. முற்றுகை வந்தால் பீரங்கியை விட அந்தச் சுனைதான் கோட்டையைக் காத்திருக்கும்.

மலைக்குக் கீழே ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. இரண்டு கோவிலாருக்கும் வருமானத் தகராறு முற்றி, 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் பஞ்சாயத்து நடந்து தீர்ந்த கதை அங்கேயே கல்லில் இருக்கிறது. சிவன் குடைவரையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு மேலே வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். நம்ம ஆட்கள் பழைய போஸ்டர் மேல் புதுப் போஸ்டர் ஒட்டுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோவிலை முதலில் பார்த்துவிட்டுக் கோட்டை ஏறுவதும் நல்ல யோசனைதான்.

திருமயத்திலிருந்து மலையக்கோவிலுக்கு நச்சாந்துபட்டி வழியாகப் போகலாம். நடுவில் ஊர்க்காரர்களைக் கேட்டு மண்பாதையைப் பிடித்தால், அன்றைய நாளின் நல்ல ஓட்டம் இங்கேதான். செம்மண், இருபுறமும் வேலிக்கருவை, எங்கோ ஒரு பனை, எதிரே வந்தால் ஆட்டுக்கிடை. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். சரளை அலை அலையாகக் கிடக்கும் இடங்களில் ஜீப் ஆடுகிற ஆட்டத்தில் பல் கழன்றுவிடும்.

வண்டியை நிறுத்தி இறங்குகிற இடத்தில் தரையைக் கவனியுங்கள். செம்பறாங்கல் சரளைக்கு நடுவே கறுப்பாக, நுரை நுரையாக, கையில் எடுத்தால் கனக்கிற கட்டிகள் சில இடங்களில் கிடைக்கும். எரிகல் என்று நினைத்து எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் உண்டு. அது இரும்பு உருக்கிய கசடு. கிட்டம் என்பார்கள். செம்பறாங்கல்லில் இரும்பு உண்டு. விறகும் கரியும் கிடைத்த காலத்தில் இங்கேயே ஊதுலை வைத்து உருக்கினார்கள். சுட்டமண் குழாய்த் துண்டு சேர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம், துருத்தியிலிருந்து காற்று போன குழாய் அது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டு ஷோகேசில் அது வெறும் கறுப்புக் கல்.

அதேபோல, புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல்களில் கற்களை வட்டமாகப் பதித்த இடங்கள், பலகைக் கல் துருத்திக்கொண்டு நிற்கும் மேடுகள் தென்பட்டால் அவை பெருங்கற்கால ஈமக்காடுகள். குரக்குப்பட்டறை என்று சில ஊர்களில் பெயர். வண்டி அதன் மேல் ஏறக்கூடாது. காலும் பார்த்து வைக்கவேண்டும், பொந்துகளில் பாம்பு இருக்கும். இவை கண்மாய்க்கு உள்ளே இருக்காது, கண்மாயை ஒட்டிய சரளை மேட்டில் இருக்கும். விளைகிற ஈரத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, ஒன்றும் விளையாத சரளையில் செத்தவர்களை வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய நிலக்கணக்கு. புதிதாக எதையாவது பார்த்துவிட்டதாகத் தோன்றினால் தோண்டாதீர்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

மலையக்கோவிலில் கூட்டம் இருக்காது. மேலே முருகன், பாறையில் குடைவரைகள். இங்கே உள்ள கல்வெட்டில் 'பரிவாதினி' என்ற சொல் வருகிறது. பரிவாதினி ஏழு நரம்பு வீணை. இதே சொல் திருமயத்திலும் குடுமியான்மலையிலும் உண்டு. குடுமியான்மலையில் அந்தப் பெரிய இசைக் கல்வெட்டு ஏறக்குறைய முழுசாகவே பிழைத்து நிற்கிறது. இந்தக் காய்ந்த பூமியில், மூன்று பாறைகளில், யாரோ வீணைப் பாடத்தைக் கல்லில் வெட்டி வைக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எதற்காக என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். குடைவரைக்குள் நின்று மெதுவாக ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பாருங்கள். அது திரும்பி வருகிற விதத்தில் பாதி பதில் இருக்கிறது என்பது என் சொந்தக் கருத்து, யாரும் மேற்கோள் காட்டவேண்டாம்.

மத்தியானத்தை நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோவிலில் கழியுங்கள். பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்கும். புதிது முன்னால் பளிச்சென்று நிற்கும். பழையது பின்னால் காது உடைந்து, மூக்கு தேய்ந்து, கடைசியில் மரத்தடி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். உடைந்ததை யாரும் அகற்ற மாட்டார்கள், ஒட்டவும் மாட்டார்கள். அது அய்யனாருடையது. கோவில்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காதீர்கள், குதிரை மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள், வண்டியைக் காட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். பூசாரியோ வேறு யாரோ இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கட்டுச்சோற்றைக் கோவில் எல்லைக்கு வெளியே நிழலில் வைத்துப் பிரியுங்கள். புளியோதரையும் வறுத்த அப்பளமும் இருந்தால் அந்த வெயிலுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். பாலைவனப் பழக்கத்தை இதில் மட்டும் விடாதீர்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பிப் பொன்னமராவதி வழியாகத் திருக்கோளக்குடி. நாலு மணிக்கு மேல் போனால்தான் நடை திறந்திருக்கும். பாறைமலையில் அடுக்கடுக்காகக் கோவில், மேலே குடைவரை. ஒரு பெரிய பாறை இப்போது உருண்டுவிடும்போலச் சாய்ந்து நிற்கும், நான் பார்த்தவரை உருளவில்லை. இங்கேயும் சுனைதான் முதலில், கோவில் அப்புறம் என்பது என் கணக்கு. மேலே ஏறி நின்று மாலை வெயிலில் சுற்றிலும் பாருங்கள். காலையிலிருந்து தனித்தனியாகப் பார்த்ததெல்லாம் அங்கிருந்து ஒன்றாகத் தெரியும். கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் கலிங்கில் வழிவது அடுத்ததற்கு வரத்து, அது வழிந்தால் அதற்கடுத்தது என்று சங்கிலியாகக் கிழக்கே இறங்கிப்போகும். தண்ணீர் இருக்கிற துண்டுகள் மட்டும் மின்னும். மேற்கே பிரான்மலை தெரிந்தால் அது பாரியின் பறம்பு. முந்நூறு ஊரை ஆண்டவனின் மலையில் வானத்து மீன்கள் போலச் சுனைகள் இருந்தன என்று முற்றுகையைப் பற்றிய சங்கப் பாட்டே சொல்கிறது.

திரும்பும்போது மகிபாலன்பட்டி வழியாக வரலாம். கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்று கொள்கிறார்கள். இருட்டுவதற்குள் தாருக்கு வந்துவிடுங்கள். மண்பாதையில் ராத்திரி ஓட்டாதீர்கள், கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது.

சித்தன்னவாசல், நார்த்தாமலை, பொற்பனைக்கோட்டை எல்லாவற்றையும் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அவை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம். இதே நாளில் திணித்தால் ஜன்னல் வழியே மட்டும்தான் பார்க்க முடியும். இன்னொரு நாள் கிடைத்தால் அந்தப் பக்கம் போய், கொடும்பாளூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூவர் கோவிலில் இரண்டு விமானம் நிற்கிறது, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது எதிரே வந்த மறையவன் ஒருவன் வழி சொல்கிறான் அல்லவா? கொடும்பை நெடுங்குளக் கரையை அடைந்தால் அங்கிருந்து பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று. அந்தக் கொடும்பை இதுதான். தமிழில் இருக்கிற பழைய வழிகாட்டிக் குறிப்பு அது. அதிலும் அடையாளம் குளம்தான், கோபுரம் இல்லை.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். திருமயம் ஏணியில் சின்னவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வெயிலில் தொப்பி, காலில் செருப்பு வேண்டாம், ஷூ; வேலிக்கருவை முள் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்கு வரும். பெரியவனிடம் டார்ச்சைக் கொடுத்துக் கல்வெட்டுத் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்து மணிக்கே ஃபோனைக் கேட்பான். கிளம்புகிற முந்தின நாள் சொல்லுங்கள், கலிங்கு வரை வண்டி போகிற கண்மாய் எது, எதில் சேறு இன்னும் காயவில்லை என்று விசாரித்துச் சொல்கிறேன். சங்கிலியும் என்னிடம் இருக்கிறது.